தைமஸ் மரணம்: இல்லாத நோயொன்றின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், வெளிப்படையான காரணம் எதுவுமின்றித் திடீரென இறந்துபோன குழந்தைகள், இளைஞர்கள் பலரின் இறப்புச் சான்றிதழ்களில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், ‘ஸ்டேட்டஸ் லிம்ஃபாடிக்கஸ்’ என்ற பெயர் எழுதப்பட்டுவந்தது. நிணத்திசு மிகுந்த உடல்வாகு என்று அதைத் தமிழில் விளக்கலாம். மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி அளவுக்கு மீறிப் பெருத்தும், நிணநீர்க் கணுக்களும் டான்சில்களும் மண்ணீரலும் தடித்தும் காணப்படுபவர் பிறவியிலேயே நலிந்த உடல்வாகு உடையவர் என்றும், மற்றவர்களைச் சிறிதும் பாதிக்காத அற்பக் காரணங்களால்கூட அவர் நொடிப்பொழுதில் உயிரிழக்கக்கூடும் என்றும் அக்காலத்து மருத்துவ நூல்கள் கற்பித்தன. பாடநூல்களில் தனி இடமும் மரண விசாரணைகளில் பெருமதிப்பும் பெற்றிருந்த அந்த நோய் உண்மையில் இல்லாத ஒன்று. அது எவ்வாறு தோன்றியது என்பதைவிட, தவறு என்று ஆதாரங்களோடு காட்டப்பட்ட பின்னரும் எவ்வாறு உயிர்த்திருந்தது, அதனால் யார் பயனடைந்தார்கள், யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பவையே வரலாற்று நோக்கில் கூடுதல் கவனத்துக்குரியவை.

தைமஸ் என்பது மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால், இதயத்துக்கு மேலாக, மூச்சுக்குழாயை ஒட்டி அமைந்துள்ள, இரு மடல்களைக் கொண்ட மென்மையான உறுப்பு. மற்ற உறுப்புகள் உடலோடு சேர்ந்து வளர்ந்து ஒரு நிலையான அளவை எட்டி நின்றுவிட, இது மட்டும் வேறு போக்கில் செல்கிறது. பிறக்கும்போது 10 முதல் 15 கிராம்வரை எடையுள்ளதாக இருந்து, பருவமடையும் வயதில் 30 முதல் 40 கிராம்வரை வளர்ந்து, பின்னர் படிப்படியாகச் சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகவே மாறிவிடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கைக்குழந்தைகளிடத்தில்தான் அது மிகப் பெரியது. அதன் பணி என்ன என்பது 1961ஆம் ஆண்டுவரை தெளிவாகவில்லை. பயன் தெரியாத, வயதுக்கேற்ப அளவு மாறுகிற, குழந்தைகளின் மார்பில் பெரிதாகத் தென்படுகிற இத்தகைய உறுப்பின்மீது குழந்தை மரணங்களின் பழி விழுந்ததில் வியப்பதற்கு அதிகமில்லை.

அந்தப் பழி பழையது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர், மூச்சுத்திணறி இறந்த ஐந்து மாத ஆண்குழந்தை ஒன்றின் உடலைத் திறந்து பார்த்தபோது கழுத்தடியில் பெருத்த சுரப்பியைக் கண்டதாக 1614இல் பதிவு செய்தார். 1830இல் ஜெர்மன் மருத்துவர் யோகான் ஹைன்ரிஷ் கோப், பெருத்த தைமஸ் மூச்சுக்குழாயை நெரிப்பதால் குழந்தைகளுக்கு ஒருவகை மூச்சுத்திணறல் உண்டாவதாக எழுத, அதற்குக் ‘கோப்பின் ஆஸ்துமா’ என்ற பெயர் சில பத்தாண்டுகள் வழங்கிவந்தது. ஆனால் இந்தக் கருத்தை ஐயுற்றவர்களும் அப்போதே இருந்தார்கள். லண்டனைச் சேர்ந்த ஜான் சைமன் 1845இல் வெளியிட்ட ஆய்வுநூலில், உணவு குறைந்தால் தைமஸ் மெலிந்துவிடுகிறது என்பதையும், அதன் பருமன் உடலின் ஊட்டத்தைக் காட்டும் அடையாளம் என்பதையும் தெளிவாகச் சுட்டியிருந்தார். ஃபிராங்க்ஃபுர்ட் மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிரீட்லேபன் விலங்குகளிலும் குழந்தைகளின் சடலங்களிலும் விரிவாக ஆராய்ந்து, மென்மையான இச்சுரப்பி மூச்சுக்குழாயை அடைக்கும் வலிமை உடையதன்று என்றும், தைமஸால் வரும் ஆஸ்துமா என்று ஒன்று கிடையாது என்றும் 1858இல் அறுதியிட்டுச் சொன்னார். அவருடைய நூலுக்குப் பின் இந்தக் கொள்கை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்தது. ஆகவே, பின்னால் நிகழ்ந்த தவறுக்கு அறிவுக் குறைவைக் காரணம் காட்ட இயலாது. தேவையான அறிவு அச்சில் இருந்தது, அதை எடுத்துப் படிக்க ஆளில்லாமல் போயிற்று.

1888இல் பவுல் கிராவிட்ஸ் என்ற ஜெர்மன் நோய்க்கூற்றியல் அறிஞர், திடீரென இறந்த இரு குழந்தைகளின் மரணத்துக்குப் பெருத்த தைமஸே காரணம் என்று எழுதியதோடு பழைய கொள்கை மீண்டும் தலையெடுத்தது. அதற்கு மறுக்க முடியாததுபோல் தோன்றும் புதிய வடிவம் கொடுத்தவர் வியன்னாவில் சட்ட மருத்துவத் துறையில் பணியாற்றிய ஆர்னால்ட் பால்டவுஃப். காரணம் தெரியாமல் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்ப்பதே அவருடைய அன்றாடப் பணி. படுக்கையில் இறந்துகிடந்த குழந்தைகள், நீராடும்போது மாண்ட இளைஞர்கள் ஆகியோரின் உடல்களில் தைமஸும் நிணத்திசுக்களும் பெருத்திருப்பதைக் கண்ட அவர், சுரப்பி மூச்சுக்குழாயை நெரித்துக் கொல்கிறது என்ற வாதத்தை ஃபிரீட்லேபன் வழியிலேயே மறுத்தார். ஆனால் அதற்குப் பதிலாக, பெருத்த சுரப்பி என்பது உடல் முழுவதும் பரவியிருக்கும் ஒரு பிறவிக் குறைபாட்டின் வெளி அடையாளம் என்றும், அக்குறைபாடு உடையவரின் இதயம் சிறு அதிர்ச்சியையும் தாங்காது நின்றுவிடும் என்றும் 1889இலும் அடுத்த ஆண்டிலும் எழுதினார். மூச்சுக்குழாய் நெரிபட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம், அளந்தும் பார்க்கலாம். உடல்வாகு என்பதை எந்தக் கருவியாலும் அளக்க இயலாது. சோதித்துப் பொய்யாக்கக்கூடிய ஒரு கருத்து, சோதனைக்கே எட்டாத கருத்தாக இவ்வாறு உருமாறியதுதான் இந்த வரலாற்றின் முதல் திருப்பம்.

புதிய கொள்கை பரவிய வேகத்துக்குக் காலச் சூழலும் துணைநின்றது. தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்ச்சீரம் புழக்கத்துக்கு வந்திருந்த வேளையில், 1896இல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற நோய்க்கூற்றியல் பேராசிரியரின் சிறு குழந்தை, நோய்த் தடுப்புக்காக அந்தச் சீரத்தை ஊசிவழி ஏற்றிய சில நிமிடங்களில் இறந்துபோனது. துயருற்ற தந்தை சீரத்தையே குற்றம் சாட்ட, சீரத்தின்மீது பழி வராமல் காக்க விரும்பியவர்களில் சிலர் குழந்தையின் உடல்வாகைக் காரணமாகக் காட்டினர். மருந்து கொடுத்த கையையும் மருந்தையும் விடுவித்து, இறந்தவரின் உடலையே குற்றவாளியாக்கும் இந்தப் போக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் மிகுதியாகப் பயன்பட்ட இடம் அறுவை அரங்கு.

எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 நவம்பரில் குளோரோஃபார்மை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்தி மூன்று மாதங்கள் நிறைவதற்குள், 1848 ஜனவரியில், நியூகாசிலுக்கு அருகே கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பிறகு இத்தகைய மரணங்கள் தொடர்ந்தன. பல் பிடுங்கவும் டான்சில் எடுக்கவும் வந்த, அதுவரை நலமாக இருந்த குழந்தைகள், மயக்கத்தின் தொடக்கத்திலேயே, கத்தி படுவதற்கு முன்பே இறந்துபோனது ஏன் என்பதற்கு விடை தேடி இந்தியாவிலும் ஆய்வுகள் நடந்தன. ஐதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற அறுவை மருத்துவர் நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரு குழுக்களை அமைத்து விலங்குகளில் சோதனைகள் நடத்தி, குளோரோஃபார்ம் மூச்சைத்தான் முதலில் நிறுத்துகிறதே தவிர இதயத்தை நேரடியாகத் தாக்குவதில்லை என்று அறிவித்தார். அது பிழையான முடிவு. குறைந்த அளவு குளோரோஃபார்ம் மயக்கத்தில் இருக்கும்போது, அச்சத்தால் சுரக்கும் அட்ரினலினும் சேர்ந்துகொண்டால், இதயத்தின் கீழறைகள் சீரான துடிப்பை இழந்து வெறுமனே நடுங்கி நின்றுவிடுகின்றன என்பதை லண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி 1911 முதல் பூனைகளில் செய்த சோதனைகளால் நிறுவினார். அச்சத்தோடு மேசையில் கிடத்தப்பட்ட குழந்தைகள் மயக்கத்தின் தொடக்கத்திலேயே இறந்ததற்கான உண்மை விளக்கம் அதுவே. ஆனால் விசாரணை மன்றங்களில் அந்த விளக்கம் எளிதில் இடம்பெறவில்லை. அங்கே முன்பே வேறொரு விளக்கம் குடியேறியிருந்தது.

இங்கிலாந்தில் மயக்க மருந்தின்போது நிகழும் மரணங்களை மரண விசாரணை அதிகாரி நடுவர்களோடு அமர்ந்து விசாரிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இதயத்திலும் நுரையீரலிலும் மூளையிலும் நோய் எதுவும் காணப்படவில்லை என்று சொல்லிவிட்டு, தைமஸ் பெருத்திருந்தது என்று சேர்த்துக்கொள்வார். மயக்கம் கொடுத்தவர் தம் கடமையைச் சரிவரவே செய்தார், இறந்தவரின் உடல்வாகே காரணம் என்று தீர்ப்பு வரும். சுரப்பியின் எடை என்ன, அந்த வயதுக்குரிய எடை என்ன என்ற இரு கேள்விகளும் பெரும்பாலும் எழவே இல்லை. மருத்துவருக்கு அந்தத் தீர்ப்பு அவப்பெயரிலிருந்து காப்பளித்தது, பெற்றோருக்கோ தாங்கள் எதையும் தவறவிடவில்லை என்ற ஆறுதலைத் தந்தது. ஒருவருக்கும் தீங்கு செய்யாததுபோல் தோன்றிய அந்த முடிவு, குளோரோஃபார்ம் கொல்லும் முறையை ஆராயவேண்டிய அவசியத்தையே மறைத்து, அடுத்தடுத்த குழந்தைகளை அதே மேசைக்கு அனுப்பிவைத்தது. இந்த நோயறிதல் விளைத்த முதல் தீங்கு இது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தாயின் அருகில் உறங்கி விடியற்காலையில் இறந்துகிடந்த குழந்தைகளைத் தாய்மார் உறக்கத்தில் புரண்டு நசுக்கிக் கொன்றுவிட்டார்கள் என்றே விக்டோரியா காலத்துப் பிரிட்டன் நம்பிவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் சார்லஸ் டெம்பிள்மன் இத்தகைய 258 மரணங்களைத் தொகுத்து 1892இல் வெளியிட்ட கட்டுரையில், தாய்மாரின் குடிப்பழக்கத்தையும் அறியாமையையும் நெருக்கடியான வீட்டுச் சூழலையும் காரணங்களாகக் காட்டினார். 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், குடிபோதையில் குழந்தையோடு படுத்து அதன் மூச்சடைப்புக்குக் காரணமாவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒற்றை அறையில் ஒரே கட்டிலில் குடும்பமே உறங்கவேண்டியிருந்த ஏழைத் தாய்மார்மீதுதான் இந்தச் சந்தேகம் பெரிதும் விழுந்தது. ‘தைமஸ் மரணம்’ என்ற தீர்ப்பு அவர்களைக் கொலைப்பழியிலிருந்து விடுவித்தது. தவறான காரணத்தால் சரியான விடுதலை கிடைத்த அரிய நிகழ்வு இது. மனிதநேயமுள்ள மருத்துவர்கள் பலர் இந்தக் கொள்கையைக் கைவிடத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கவேண்டும்.

பெருத்த தைமஸ் என்று ஒன்றைச் சொல்வதற்கு இயல்பான தைமஸ் எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்திருக்கவேண்டும். அந்த இயல்பு எங்கிருந்து பெறப்பட்டது என்ற கேள்வியில்தான் இந்தப் பிழையின் வேர் இருக்கிறது. பிரிட்டனில் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம், ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர எவருமில்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்க வகைசெய்தது. ஆகவே மாணவர்கள் அறுத்துப் படித்த உடல்கள் பெரும்பாலும் வறியவர்களின் உடல்கள். மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனைக்கு வந்த குழந்தைகளோ காசநோய், வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்ற நோய்களால் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ வாடி இறந்தவர்கள். பசியும் காய்ச்சலும் நெடுநாள் துன்பமும் தைமஸைச் சில நாள்களிலேயே பாதிக்கும் கீழாகச் சுருக்கிவிடும். இவ்வாறு சுருங்கிப்போன சுரப்பிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதுவே இயல்பான அளவாகத் தோன்றியது. அத்தகைய மருத்துவரின் முன்னால், முதல் நாள் மாலைவரை பாலருந்தி விளையாடிக்கொண்டிருந்து இரவில் இறந்த ஒரு குழந்தையின் உடல் வந்தால், அதில் சுருங்காமல் தன் முழு அளவில் இருக்கும் தைமஸ் அவருக்கு நோயுற்றதாகவே தெரியும். மெலிந்த சுரப்பி நோயின் விளைவு என்பதும், பருத்த சுரப்பி நலத்தின் அடையாளம் என்பதும் இவ்வாறு தலைகீழாயின. டான்சில், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றின் நிலையும் இதுவே. நன்கு உண்டு வளரும் குழந்தையிடத்தில் அவையும் பெரியவை.

இந்தத் தலைகீழ் நிலையைப் பொறுமையாக நேராக்கியவர்களுள் முதன்மையானவர் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக உடற்கூற்றியல் பேராசிரியர் ஆகஸ்ட் ஹாமர். தைமஸ் ஆய்வுக்கே வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்த அவர், விபத்தில் உடனடியாக இறந்தவர்களையும் நோயுற்று இறந்தவர்களையும் பிரித்து, வயதுவாரியாகச் சுரப்பியை எடைபோட்டும், நுண்ணோக்கியின் கீழ் அதன் உட்பகுதிகளை அளந்தும், 1906 முதல் தொடர்ந்து முடிவுகளை வெளியிட்டார். வயதால் நேரும் சுருக்கம் ஒன்று, நோயாலும் பட்டினியாலும் நேரும் ‘தற்செயல் சுருக்கம்’ மற்றொன்று என்ற அவருடைய வேறுபாடு இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. முதல் உலகப் போர், விரும்பத்தகாத வழியில் இதை உறுதிசெய்தது: போர்முனையில் குண்டடிபட்டு மாண்ட திடகாத்திரமான இளைஞர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த ஜெர்மன் நோய்க்கூற்றியல் அறிஞர்கள், நிணத்திசு மிகுந்த உடல்வாகு என்று தாங்கள் படித்திருந்த அதே தோற்றத்தை அவர்களிடத்தில் கண்டார்கள். இராணுவத் தேர்வில் தேறி, நெடுந்தூர நடையையும் பதுங்குகுழி வாழ்க்கையையும் தாங்கிய அவர்களைப் பிறவியிலேயே நலிந்தவர்கள் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. நோயும் பட்டினியும் தைமஸை எந்த வழியில் சுருக்குகின்றன என்பதற்கான விளக்கத்தின் தொடக்கம் 1936இல் ஹான்ஸ் செல்யே எலிகளில் செய்த சோதனைகளில் கிடைத்தது. எவ்வகைத் துன்பத்துக்கு ஆளாக்கினாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்துத் தைமஸ் சுருங்குவதை அவர் காட்டினார்.

1920களின் நடுப்பகுதியில் விவாதம் புள்ளியியலாளர்களின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் மருத்துவப் புள்ளியியலின் முன்னோடிகளில் ஒருவரான மேஜர் கிரீன்வுட்டும் (மேஜர் என்பது அவருடைய பெயரே, படைப்பதவி அன்று) ஹில்டா வூட்ஸும் 1927இல் வெளியிட்ட கட்டுரையில் அதுவரை வந்த சான்றுகள் அனைத்தையும் அலசி, இது மருத்துவம் தானே உருவாக்கிக்கொண்ட ஒரு தொன்மம் என்றும், இதைக் காரணமாகச் சொல்லும் தீர்ப்புக்கும் ஆண்டவன் செயலால் மரணம் என்ற முற்காலத்துத் தீர்ப்புக்கும் அறிவியல் மதிப்பில் வேறுபாடு இல்லை என்றும் கடுமையாகச் சாடினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈடித் பாய்ட், நல்ல ஊட்டமுள்ள குழந்தைகளின் தைமஸ் எடையையும் ஊட்டம் குன்றியவர்களின் எடையையும் ஒப்பிட்டு ஹாமரின் முடிவுகளை வலுப்படுத்தினார். இதற்கிடையில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நோய்க்கூற்றியல் சங்கமும் இணைந்து 1926இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்திருந்தன. நாடெங்கிலுமிருந்து, விபத்தில் இறந்தவர்களின் உடல்கள் உட்பட, தைமஸை எடைபோட்டு, நிணத்திசுக்களைக் குறிப்பிட்டு அனுப்பப்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகள் அக்குழுவிடம் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அவற்றைப் பகுத்தாராய்ந்த மேத்யூ யங், ஹூபர்ட் டர்ன்புல் ஆகிய இருவரும் 1931இல் அளித்த அறிக்கை, இப்படியொரு நோய்நிலை இருப்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அந்தக் கொள்கையின் முடிவை அறிவிக்கும் தலைப்போடு தலையங்கமே எழுதியது. ஒரு நோயறிதலின் நம்பகத்தன்மை இவ்வளவு முறையாக விசாரிக்கப்பட்டு, இவ்வளவு தெளிவாக மறுக்கப்பட்டது மருத்துவ வரலாற்றில் மிக அரிது.

ஆயினும் அது முடிந்துவிடவில்லை. இறந்தவர்களின் சான்றிதழில் இருந்தவரை அந்தப் பெயர் ஒரு விளக்கம் மட்டுமே. உயிரோடிருக்கும் குழந்தைகளிடத்தில் அதை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கலாம் என்ற எண்ணம் தோன்றியபோது அது சிகிச்சையாக வளர்ந்திருந்தது. 1896இல் ஃபிராங்க்ஃபுர்ட்டின் லுட்விக் ரேன் தைமஸை அறுவை முறையில் கையாண்டதைத் தொடர்ந்து சிலர் அதை வெட்டி அகற்றவும் துணிந்தனர். அறுவையில் குழந்தைகள் இறந்ததால் அந்த வழி பரவவில்லை. எக்ஸ் கதிர்கள் நிணத்திசுவை அழிக்கின்றன என்பதை லைப்சிக்கைச் சேர்ந்த ஹெர்மன் ஹைன்கே 1903 வாக்கில் விலங்குகளில் காட்டியிருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகர மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபிரீட்லாண்டர், பெருத்த தைமஸ் உடையதாகக் கருதப்பட்ட ஒரு குழந்தைக்கு எக்ஸ் கதிர்ச் சிகிச்சை அளித்துக் குணப்படுத்தியதாக 1907இல் எழுதினார். வலியில்லை, இரத்தமில்லை, சுரப்பியும் கண்முன்னே சுருங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தில் அந்தச் சிகிச்சை விரைவில் வேரூன்றியது.

நோயை உறுதிசெய்யப் பயன்பட்ட முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து மார்பை எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பார்கள். இதயத்துக்கு மேலே நடுவில் விழும் வெண்ணிற நிழலின் அகலம் மிகுதியாக இருந்தால் தைமஸ் பெருத்திருக்கிறது என்று கொள்வார்கள். ஆனால் கைக்குழந்தை மூச்சை இழுக்கும்போது அந்த நிழல் ஒடுங்கி நீள்கிறது, விடும்போது அகன்று தடிக்கிறது. வீறிட்டு அழும் குழந்தை நீண்ட நேரம் மூச்சை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. பிடித்து அமுக்கியிருக்கும் கைகளிலிருந்து திமிறிச் சற்றே ஒருபக்கம் சாய்ந்தாலும் நிழல் மாறிவிடும். ஒரே குழந்தையை ஒரே நிமிடத்தில் இருமுறை படமெடுத்தால், ஒன்றில் நோயாளியாகவும் மற்றொன்றில் நலமுள்ளதாகவும் அது தோன்றக்கூடும். சிகிச்சையின் வெற்றியும் இதே தன்மையது. மூச்சிழுக்கும்போது ஒலி எழுகிறது என்பதே பெரும்பாலும் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச்சென்ற குறை. அந்த ஒலி பெரும்பாலும் குரல்வளையின் இளங்குருத்தெலும்பு துவண்டிருப்பதால் வருவது, குழந்தை வளரும்போது தானாகவே நின்றுவிடுவது. கதிர் பட்ட குழந்தைகளிடத்திலும் அது நின்றது; கதிரால் நின்றது என்று எழுதிவைக்கப்பட்டது. திடீர் மரணமோ மிக அரிதாகவே நிகழ்வதால், சிகிச்சை பெற்ற ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பிழைத்திருந்தன. அவற்றைக் காப்பாற்றியது கதிர்தான் என்பதை மறுக்க எவராலும் இயலவில்லை. சில மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் அனைவரையும் படமெடுத்து, நிழல் அகன்றிருந்தவர்களுக்கு எவ்விதக் குறையும் இல்லாதபோதே தற்காப்பாகக் கதிர் செலுத்தினார்கள். நியூயார்க்கின் ஜான் கேஃபி, 1945இல் வெளியான தம் குழந்தைகள் கதிரியல் பாடநூலில் இந்தச் சிகிச்சைக்கு அடிப்படையே இல்லை என்று எழுதிய பின்னும், வழக்கம் ஓய மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மார்பின் மேற்பகுதியில் செலுத்தப்பட்ட கதிர் தைமஸோடு நிற்பதில்லை. அதற்கு மேலேயுள்ள தைராய்டு சுரப்பியிலும் அது படுகிறது. 1950இல் நியூயார்க்கில் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இரு மருத்துவர்கள், தைராய்டுப் புற்றுநோய் கண்ட 28 சிறாரின் பதிவுகளைப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸ் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதைக் கண்டனர். சிறாரிடத்தில் மிகமிக அரிதான ஒரு நோயில் இப்படியொரு விகிதம் தற்செயலாக அமைய வழியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வகத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்து, கதிர்வீச்சின் தீங்கை அருகிருந்து பார்த்தவரான லூயிஸ் ஹெம்பல்மன், பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இதை ஆராயத் தொடங்கினார். அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கைக்குழந்தையாக இருந்தபோது கதிர்ச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2,800 பேரைத் தேடிப்பிடித்து, அவர்களோடு பிறந்து, அதே வீட்டில் வளர்ந்து, கதிர் படாத ஏறத்தாழ 5,000 உடன்பிறந்தோரோடு அவர் ஒப்பிட்டார். லெனோர் சிம்ப்சனும் அவரும் சகாக்களும் 1955இல் வெளியிட்ட முதல் முடிவுகளிலேயே, கதிர் பட்டவர்களிடத்தில் தைராய்டுப் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் எதிர்பார்ப்பைவிட மிகுந்திருந்தன.

தைமஸ் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அதற்குப் பின்னரே வந்தது. 1961இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியரான ஜாக் மில்லர், பிறந்தவுடனே தைமஸ் அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் தொற்றுகளை எதிர்க்கும் ஆற்றலை இழந்து வாடுவதையும், அயல் எலிகளின் தோலை ஒட்டினால் அதை விலக்காமல் ஏற்றுக்கொள்வதையும் கண்டு, உடலின் நோயெதிர்ப்பு அணுக்களை உருவாக்கும் இடம் இந்தச் சுரப்பியே என்று காட்டினார். உயிருக்கு ஆபத்து என்று அரை நூற்றாண்டுக் காலம் கதிர் பாய்ச்சிச் சுருக்கப்பட்ட உறுப்பு, குழந்தை உயிர்வாழ இன்றியமையாத உறுப்பாக இருந்தது.

தொட்டிலில் நிகழும் மரணங்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததென்னவோ உண்மை. 1969இல் சியாட்டில் நகரில் கூடிய ஆய்வாளர்கள், முழுமையான பிரேதப் பரிசோதனைக்குப் பின்னும் காரணம் தெரியாத இத்தகைய இறப்புகளைத் ‘திடீர்ச் சிசு மரணம்’ என்று பெயரிட்டு வரையறுத்தனர். காரணத்தை அறிந்துவிட்டதாகக் காட்டிக்கொண்ட பால்டவுஃபின் பெயரைப்போலன்றி, காரணம் தெரியவில்லை என்பதையே வரையறையாகக் கொண்டது அந்தப் பெயர். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதால்தான் தேடல் தொடங்கியது. குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது ஆபத்தை மிகுவிக்கிறது என்பது தெரியவந்து, பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்கவைக்கும்படி பெற்றோரை வேண்டிய இயக்கங்கள் நடந்தபின், இவ்வகை மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பால்டவுஃபின் காலத்தில் இந்த உண்மையைக் கண்டறியச் சிறப்புக் கருவிகள் எவையும் தேவைப்பட்டிருக்கவில்லை. இறந்த குழந்தைகள் எந்த நிலையில் படுத்திருந்தன என்பதை வரிசையாகக் குறித்துவைத்து, உயிரோடிருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தால் போதும். விடை முன்பே கிடைத்துவிட்டதாக நம்பியவர்கள் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

ராச்செஸ்டரின் ஆய்வு ஹெம்பல்மனுக்குப் பின்னும் தொடர்ந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் கதிர் பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் மிகுதியாக வருகிறது என்பது 1989இல் தெரியவந்தது. 2010இல் வெளியான ஆய்வுகளின்படி, சிகிச்சை முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவர்களுக்குத் தைராய்டுப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு, கதிர் படாத அவர்களுடைய உடன்பிறந்தோரைவிட அதிகமாகவே இருந்தது.